தம்மைப் பற்றித் தாமே விக்கிப்பீடியாவில் எழுத நினைப்பவர்களுக்கு: நலமுரணைக் கையாளும் முறை

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிவரும் எவரும் ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்கோ கல்லூரிப் பயிலரங்குக்கோ சென்றால், நிகழ்ச்சி முடிந்து தேநீர் அருந்தும் நேரத்தில் ஒரு கேள்வியை எதிர்கொள்வது வழக்கம். "என்னைப் பற்றி அதில் ஒரு பக்கம் இல்லையே, நானே எழுதிவிடலாமா?" என்று ஒருவர் சற்றுத் தயக்கத்தோடு கேட்பார். அவர் முப்பது ஆண்டுகள் கல்வெட்டு படித்த பேராசிரியராகவோ, தம் செலவில் ஐந்து கவிதைத் தொகுப்புகள் அச்சிட்ட கவிஞராகவோ, சிறு ஊரில் பெருந்தொழில் நடத்துபவராகவோ இருப்பார். தம் உழைப்பு எங்காவது பதிவாக வேண்டும் என்ற அவரது ஆசையில் தவறேதும் இல்லை. ஆனால் அந்த ஆசையோடு அவர் நேரே கட்டுரையை எழுதவும் மாற்றவும் உதவும் தொகுப்புப் பெட்டியைத் திறந்து எழுதத் தொடங்கினால், பெரும்பாலும் சில நாட்களில் கட்டுரை நீக்கப்பட்டு, மன வருத்தமே எஞ்சுகிறது. அந்த வருத்தத்தைத் தவிர்க்கும் வழியை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சுருக்கமான விடையை முதலில் தந்துவிடுகிறேன். தம்மைப் பற்றி எழுதுவதை விக்கிப்பீடியா முற்றாகத் தடை செய்யவில்லை. ஆனால் அதைச் செய்யாதிருக்குமாறு மிக வலுவாக அறிவுறுத்துகிறது. எழுத முற்படுவோர் தமக்கும் கட்டுரைப் பொருளுக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்லி, நேரடியாகத் தொகுக்காமல், பேச்சுப் பக்கத்தின் (ஒவ்வொரு கட்டுரையோடும் இணைந்த கலந்துரையாடல் பக்கம்) வழியாகவோ வரைவாகவோ தம் கருத்தை முன்வைத்து, முடிவைப் பிறரிடம் விட வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது.

இந்த எதிர்பார்ப்பு நமக்குப் புதியது அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் என்னும் இலக்கண நூலின் முன்னுரையான பொதுப்பாயிரம், எத்தனை துறைகளை முடித்துக் காட்டியவரானாலும் ஒருவர் தம்மைத் தாமே புகழ்வது தகுதியாகாது என்று விதிக்கிறது. அதனால்தான் நூலையும் அதன் ஆசிரியரையும் அறிமுகப்படுத்தும் சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியர் எழுதாமல் அவருடைய ஆசிரியரோ, உடன் பயின்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ எழுத வேண்டும் என்றும் அது சொல்கிறது. விக்கிப்பீடியா இந்த மரபிலிருந்து இன்னும் ஒரு படி கடுமையானது. ஏனெனில் ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர் ஆகியோரும் நூலாசிரியரோடு நெருங்கிய உறவுடையவர்களே. கலைக்களஞ்சியத்தின் கண்ணில் அவர்கள் எழுதுவதும் தொடர்புடையவர் எழுதுவதாகவே கொள்ளப்படும். "நான் எழுதக் கூடாது என்றால் என் மாணவரை எழுதச் சொல்லிவிடுகிறேன்" என்று சொல்வோர் பலர் என்பதால் இதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது.

நலமுரண் என்றால் என்ன

ஒருவருக்குக் கட்டுரையின் பொருளோடு உள்ள குடும்பம், நட்பு, பணம், பதவி, பகை போன்ற தொடர்பு, வாசகருக்கு நடுநிலையான தகவலைத் தர வேண்டும் என்ற கலைக்களஞ்சியத்தின் நோக்கத்தோடு மோத இடமிருந்தால் அதை நலமுரண் என்கிறோம். இது ஒருவருடைய குணத்தைப் பற்றிய குற்றச்சாட்டு ஆகாது. தம் மகளே தேர்வெழுதும் அறையில் கண்காணிப்பாளராக அமர ஓர் ஆசிரியர் மறுத்தால், அவர் மகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார் என்று யாரும் சந்தேகப்பட்டதாகப் பொருளில்லை. அந்த நாற்காலி அவருக்குரியது இல்லை என்பதே பொருள். இதைப் புரிந்துகொண்டவர்கள், "உங்களுக்கு நலமுரண் உள்ளது" என்று பேச்சுப் பக்கத்தில் ஒருவர் எழுதும்போது புண்படுவதில்லை.

நேர்மையும் அறிவும் உள்ளவரையும் இந்தச் சிக்கல் விடாது என்பதற்கு விக்கிப்பீடியாவின் நிறுவனரே சான்று. ஜிம்மி வேல்ஸ் தம்மைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையை 2005ஆம் ஆண்டில் பலமுறை திருத்தினார். லாரி சாங்கர் இணை நிறுவனர் என்று குறித்த பகுதிகளை நீக்கியதும் அத்திருத்தங்களில் அடங்கும். ஒவ்வொரு கட்டுரைக்கும் 'வரலாறு' என்னும் பக்கம் உண்டு. யார், எந்த நேரத்தில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது அதில் அழியாமல் நிற்கும். அதே ஆண்டு டிசம்பரில் இச்செய்தி வெளியானபோது வேல்ஸ் வருந்தினார். தாம் உட்பட யாரும் அப்படிச் செய்யக் கூடாது என்று ஒப்புக்கொண்டார். விக்கிப்பீடியாவின் தொடக்கம் குறித்து அவரைவிட நன்கு அறிந்தவர் யார் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆயினும் இன்னொருவருடைய பங்கைக் குறைத்துக்காட்டும் இடத்தில் அவருடைய கை போய் நின்றது. நம் நினைவும் நம் நலனும் எவ்வளவு எளிதாக ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன என்பதை அறிய இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எழுதுவதற்கு முன்: சான்றுகளைத் தேடிப் பார்க்கவும்

இந்தப் பகுதியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். விக்கிப்பீடியாவில் ஒருவருக்குக் கட்டுரை இருக்கலாமா என்பதை முடிவு செய்வது அவருடைய சாதனையின் அளவு அன்று. அவரோடு தொடர்பில்லாதவர்கள், நம்பத்தகுந்த வெளியீடுகளில், அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்பதே அளவுகோல். இதைத் தமிழ் விக்கிப்பீடியாவில் குறிப்பிடத்தக்கமை என்று வழங்குகிறோம். எனவே ஒரு தாளை எடுத்துக்கொண்டு, உங்களைப் பற்றி வெளிவந்தவற்றையெல்லாம் எழுதுங்கள். பின்னர் ஒவ்வொன்றையும் பார்த்து, "இதை எழுதியவருக்கு என்னோடு என்ன உறவு? நான் கேட்காமலே இதை எழுதினாரா? இதை வெளியிட்ட இதழில் ஆசிரியர் குழு சரிபார்த்ததா?" என்று கேட்டு, தேறாதவற்றை அடித்துவிடுங்கள்.

நம் சூழலில் இப்படி அடிபட வேண்டியவை ஏராளம். நூலுக்குப் பெற்ற அணிந்துரையும் வாழ்த்துரையும் எவ்வளவு பெரியவர் எழுதியிருந்தாலும் தற்சார்பற்ற சான்று ஆகா; அவை நீங்கள் கேட்டுப் பெற்றவை. வெளியீட்டு விழாவில் பேசியோர் சொன்ன புகழுரை, அழைப்பிதழ், பின்னட்டைக் குறிப்பு, பதிப்பகத்தின் விற்பனைப் பட்டியல் ஆகியவையும் அப்படியே. நேர்காணலில் பேசுவது நீங்களே என்பதால், அதை வைத்து உங்கள் பிறந்த ஊரை உறுதி செய்யலாம். உங்கள் சிறப்பை நிறுவ முடியாது. நாளிதழில் வந்த முழுப்பக்கக் கட்டுரையானாலும் அது கட்டணம் செலுத்தி வெளியிட்டதாகவோ நிறுவனத்தின் செய்தி அறிக்கையை அப்படியே அச்சிட்டதாகவோ இருந்தால் பயனில்லை. பொன்னாடையும் பட்டயமும் தரும் விருதுகளில், விண்ணப்பிப்போர் பணம் கட்டியே பெறும் விருதுகளும் உண்டு. அவற்றைக் கட்டுரையில் அடுக்குவது உங்கள் மதிப்பைக் குறைக்கவே செய்யும். சாகித்திய அகாதமி விருது போன்றவற்றுக்கு அந்த ஐயம் எழுவதில்லை.

இன்னொரு பொறியும் உண்டு. விக்கிப்பீடியாவில் நீங்களே எழுதிய ஒரு வரியை எடுத்து ஒரு செய்தித்தளம் வெளியிட, பிறகு அந்தச் செய்தியையே நீங்கள் சான்றாகக் காட்டினால், உங்கள் சொல்லே சுற்றிவந்து உங்களுக்குச் சாட்சி சொல்கிறது. கட்டுரையின் வரலாற்றையும் செய்தியின் தேதியையும் ஒப்பிட்டால் இது எளிதில் தெரிந்துவிடும்.

இத்தனையையும் அடித்தபின் எஞ்சுபவை எவை? நீங்கள் அறியாத ஒருவர் சிற்றிதழில் எழுதிய விரிவான மதிப்புரை, உங்கள் ஆய்வை வேறொரு பல்கலைக்கழகத்தார் எடுத்து விவாதித்த கட்டுரை, செய்தியாளர் தாமாக வந்து எழுதிய வாழ்க்கைச் சித்திரம் போன்றவை எஞ்சும். அப்படிப்பட்டவை குறைந்தது இரண்டு மூன்றேனும் கையில் நின்றால் மேலே செல்லலாம். எதுவும் நிற்கவில்லை என்றால் இப்போதைக்கு நிறுத்திவிடுவதே நல்லது. இணையத்தில் இல்லாத பழைய இதழ் என்று கவலைப்பட வேண்டாம். இதழின் பெயர், மாதம், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைத் தந்தால் அச்சுச் சான்றும் ஏற்கப்படும். தமிழ்ச் சிற்றிதழ் உலகத்துக்கு இது மிகவும் தேவையான சலுகை, அதைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள்.

கட்டுரை இல்லை என்பதை உங்கள் தகுதி குறித்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் இங்கே சொல்ல விரும்புகிறேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்டைப் பற்றிய வரைவு 2018ஆம் ஆண்டு மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் சான்று போதாது என்று திருப்பியனுப்பப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அவரது கட்டுரை உருவானது அதன் பிறகுதான். இதை விக்கிப்பீடியாவின் குறையாகவே நானும் பார்க்கிறேன். பெண்களையும் ஆங்கிலம் அல்லாத மொழிகளில் இயங்குவோரையும் இதழ்கள் எழுதாமல் விட்டால், இதழ்களைச் சார்ந்து நிற்கும் கலைக்களஞ்சியமும் விட்டுவிடுகிறது. ஆனால் அக்குறையைத் தீர்க்க நாம் செய்ய வேண்டியது மதிப்புரைகளும் ஆய்வுகளும் பெருக உழைப்பதே. அதுவரை உங்கள் வாழ்க்கைக் குறிப்பு, நூற்பட்டியல், படங்கள் ஆகியவற்றைச் சொந்த இணையதளம் ஒன்றில் ஒழுங்காக வைத்திருங்கள். பின்னாளில் வேறொருவர் உங்களைப் பற்றி எழுத முன்வரும்போது, பிறந்த ஆண்டு, படித்த கல்லூரி போன்ற சர்ச்சையற்ற தகவல்களுக்கு அந்தத் தளத்தையே அவர் சான்றாகக் கொள்ளலாம். அளவு மீறிய தற்புகழ்ச்சியோ பிறரைப் பற்றிய கூற்றோ இல்லாத வரையில், கட்டுரை முழுவதும் அதையே நம்பி நிற்காத வரையில், விதி இதற்கு இடம் தருகிறது.

இனி எழுதுவதானால்

உங்களுக்கென ஒரு பயனர் கணக்கைத் தொடங்குங்கள், ஒன்றே போதும். நண்பர் பெயரில் இன்னொரு கணக்கைத் திறந்து அதிலிருந்து உங்கள் கட்டுரையை ஆதரித்துப் பேசுவதைக் கைப்பாவைக் கணக்கு என்று கொண்டு தடை செய்வார்கள். கணக்கைத் தொடங்கியதும் உங்கள் பயனர் பக்கத்தில் தொடர்பை வெளிப்படுத்துங்கள். "இக்கட்டுரை என்னைப் பற்றியது. எனவே இதில் எனக்கு நலமுரண் உள்ளது. மாற்றங்களைப் பேச்சுப் பக்கத்தில் மட்டுமே பரிந்துரைப்பேன்" என்று இரண்டு மூன்று வரிகள் எழுதினால் போதும். கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலும் இதே குறிப்பை இட வேண்டும். வெளிப்படுத்துவதால் கட்டுரை நீக்கப்பட்டுவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. நான் பார்த்தவரையில் நடப்பது வேறு: முதல் நாளே சொன்னவருக்கு உதவ யாராவது முன்வருகிறார்கள், மறைத்து எழுதி மாட்டிக்கொண்டவருடைய நல்ல திருத்தங்களையும் பின்னர் யாரும் நம்புவதில்லை.

கட்டுரையை நேரே பொதுவெளியில் உருவாக்காமல் வரைவாக எழுதுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் வரைவுகளைத் தன்னார்வலர்கள் பார்த்து ஏற்கவோ திருப்பவோ தனி ஏற்பாடு உள்ளது. 2003இல் தொடங்கி இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டுள்ள தமிழ் விக்கிப்பீடியாவில், உங்கள் பயனர் பக்கத்தின் கீழ் உள்ள மணல்தொட்டி என்னும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிவிட்டு, உதவி கேட்கும் ஒத்தாசைப் பக்கத்திலோ பொது உரையாடலுக்கான ஆலமரத்தடியிலோ "பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தனக்குரிய நெறிகளை வகுத்துக்கொள்வதால், ஆங்கிலத்தில் ஏற்கப்பட்ட கட்டுரை தமிழிலும், தமிழில் இருப்பது ஆங்கிலத்திலும் தானாகவே ஏற்கப்படும் என்று எண்ணிவிடக் கூடாது.

நடையில்தான் தமிழில் எழுதுவோர் அதிகம் தடுமாறுகிறார்கள். மேடைத் தமிழ் நம் நாவில் ஊறிப்போயிருப்பதால், ஒருவரை அறிமுகப்படுத்த உட்கார்ந்தாலே அடைமொழிகள் வந்து விழுகின்றன. "சிறுகதை உலகின் முடிசூடா மன்னராகத் திகழும் கவிமாமணி டாக்டர் அவர்கள், தம் எழுத்தால் பல்லாயிரம் உள்ளங்களைக் கொள்ளை கொண்டவர்" என்ற வாக்கியத்தில் சரிபார்க்கக் கூடிய தகவல் ஒன்றுகூட இல்லை. அதன் இடத்தில், "இவர் ஒரு தமிழ்ச் சிறுகதை எழுத்தாளர். மூன்று சிறுகதைத் தொகுப்புகளை வெளியிட்டுள்ளார்" என்று எழுதி, தொகுப்புகளின் பெயரையும் ஆண்டையும் மதிப்புரையின் மேற்கோளையும் சேர்த்தால் போதும். 'அவர்', 'பிறந்தார்' என்னும் மரியாதை வடிவமே தமிழுக்குப் போதிய மதிப்பைத் தந்துவிடுகிறது. 'அவர்கள்', 'ஐயா', 'திரு' போன்றவை வேண்டியதில்லை. மதிப்புரையாளர் குறை சொல்லியிருந்தால் அதையும் உங்கள் வரைவில் நீங்களே சேர்த்துவிடுங்கள். நடுநிலை நோக்கை நீங்கள் உண்மையாகவே ஏற்கிறீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

சான்றில் இல்லாத எதையும், அது உண்மையென்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தாலும், எழுத வேண்டாம். சிறுவயதில் தாயார் சொன்ன கதையும் முதல் கவிதை பிறந்த இரவும் உங்கள் தன்வரலாற்றுக்குரியவை. அதேபோல மனைவி மக்கள் பெயர், முழுப் பிறந்த தேதி, வீட்டு ஊர் ஆகியவற்றை ஆர்வத்தில் கொட்டிவிட்டு வருந்தாதீர்கள். ஒருமுறை ஏறியது கட்டுரையிலிருந்து நீங்கினாலும் வரலாற்றிலும் பிற தளங்களின் படிகளிலும் நிற்கும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் சொல்லிக் கட்டுரையை எழுதி வாங்குவோர் இப்போது பெருகியிருக்கிறார்கள். அது இல்லாத இதழ்களையும் இல்லாத பக்க எண்களையும் சான்றாகப் புனைந்து தரக்கூடும். மனிதர் சரிபார்க்காத இத்தகைய பக்கங்களை விரைந்து நீக்க ஆங்கில விக்கிப்பீடியா 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தனி விதியே ஏற்படுத்தியது.

கட்டுரை ஏற்கெனவே இருந்தால்

உங்களைப் பற்றிய கட்டுரையை வேறொருவர் எழுதியிருந்து, அதில் பிழை இருந்தால் என்ன செய்வது? எழுத்துப்பிழையைத் திருத்துவதற்கும், யாரோ விளையாட்டாகச் சேர்த்த வசையை நீக்குவதற்கும், சான்றே இல்லாமல் உங்கள் மீது சுமத்தப்பட்ட பழியை அகற்றுவதற்கும் யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள். தற்புகழ்ச்சியைத் தடுக்கும் நன்னூலும், எதிரி பழிக்கும்போது புலவர் தம்மைத் தாமே உயர்த்திப் பேசலாம் என்று விலக்குத் தந்திருக்கிறது. விக்கிப்பீடியா தரும் விலக்கு பழியை நீக்கும் அளவோடு நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் புகழைச் சேர்க்க அனுமதி இல்லை.

இந்த விலக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அமெரிக்க இதழாளர் ஜான் சீகென்தாலர் பட்ட துன்பம் காட்டியது. கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்குத் தொடர்பிருக்கலாம் என்று கருதப்பட்டதாக ஒரு பொய்யை 2005 மே மாதத்தில் ஒருவர் விக்கிப்பீடியாவில் எழுதினார். அது நான்கு மாதங்களுக்கும் மேலாக அப்படியே நின்றது. ராபர்ட் கென்னடியிடம் பணிபுரிந்து அவருக்கு நெருக்கமாக இருந்த சீகென்தாலரே அதைப் படிக்க நேர்ந்தது. அவர் அவ்வாண்டு நவம்பரில் நாளிதழில் எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தை எழுப்பியது. வாழும் மனிதர்களைப் பற்றிய கட்டுரைகளுக்குத் தனியாகக் கடுமையான நெறிகள் உருவாக அது ஒரு முக்கியக் காரணமாயிற்று. இன்று சான்றற்ற அவதூறைக் கண்டால் உடனே நீக்கிவிட்டு, தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தோடு இடும் சிறுகுறிப்பில்) காரணத்தை எழுதி, பேச்சுப் பக்கத்தில் நீங்கள் யார் என்பதையும் சொல்லுங்கள். மீண்டும் அது சேர்க்கப்பட்டால் மாறி மாறி நீக்கிக்கொண்டிருக்காமல் நிர்வாகிகளிடம் முறையிடுங்கள், அல்லது விக்கிப்பீடியாவை நடத்தும் அமைப்பான விக்கிமீடியாவின் தன்னார்வலர் மறுமொழிக் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வழக்குத் தொடுப்பேன் என்று பேச்சுப் பக்கத்தில் மிரட்டினால், அது தீரும் வரை உங்கள் கணக்கையே முடக்கிவிடக் கூடும்.

இவை தவிர்ந்த மாற்றங்களைப் பேச்சுப் பக்கத்தில் கோரிக்கையாக வையுங்கள். நல்ல கோரிக்கையில் நான்கு செய்திகள் இருக்கும்: இப்போது கட்டுரையில் உள்ள வாக்கியம், அதன் இடத்தில் வர வேண்டிய வாக்கியம், மாற்றத்துக்கான காரணம், சான்று. "இரண்டாம் பத்தியில் எனது முதல் நூல் 1998இல் வெளிவந்ததாக உள்ளது. 1996 என்று மாற்ற வேண்டுகிறேன். நூலின் முதற்பதிப்பு விவரம் நூலகப் பட்டியலில் உள்ளது, இணைப்பு கீழே. நான் இக்கட்டுரையில் குறிக்கப்படும் நபர்" என்று எழுதப்பட்ட கோரிக்கையை ஒரு தன்னார்வலர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். "கட்டுரை முழுவதும் தவறு, உடனே சரிசெய்யவும்" என்று எழுதினால் யாராலும் உதவ இயலாது. ஒருவர் வந்து பார்க்கச் சில வாரங்கள் ஆகலாம். அவர் கூலி பெறாமல் தம் ஓய்வு நேரத்தைத் தருகிறார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சான்றே உங்கள் வாய்ச்சொல்தான் என்னும் நிலையும் வரும். அமெரிக்க நாவலாசிரியர் ஃபிலிப் ராத், தம் நாவல் ஒன்றுக்கு எந்த மனிதருடைய வாழ்க்கை தூண்டுதலாக அமைந்தது என்பது பற்றிக் கட்டுரையில் இருந்த கூற்றைத் திருத்தக் கோரினார். வேறு சான்று வேண்டும் என்று அவருக்கு விடை கிடைத்தது. தம் நாவலைப் பற்றித் தாமே சொல்வது போதாதா என்று அவர் திகைத்தது இயல்பே. 2012 செப்டம்பரில் அவர் அதை நியூயார்க்கர் இதழின் தளத்தில் திறந்த மடலாக வெளியிட்டார். அதன்பின் அவர் சொன்னதும் கட்டுரையில் இடம்பெற்றது. கட்டுரையில் முன்பிருந்த கூற்று விமர்சகர்கள் எழுதியதுதான் என்பதால், விக்கிப்பீடியா அதைப் பதிவு செய்ததிலும் தவறில்லை. இருதரப்புக் கூற்றையும் அவரவர் பெயரோடு தருவதே முறை. நமக்கு நியூயார்க்கர் கிடைக்காவிட்டாலும், உங்கள் பெயரில் நடத்தும் தளத்திலோ ஓர் இதழிலோ மறுப்பைத் தேதியோடு வெளியிட்டுவிட்டு அதைச் சுட்டிக் கோரலாம்.

பணம் கொடுத்து எழுதச் சொல்வது

உதவியாளரிடமோ விளம்பர நிறுவனத்திடமோ பொறுப்பை ஒப்படைப்பதால் நலமுரண் தீராது. கூடுதலாக ஒரு சட்டக் கடமையே சேர்கிறது. 2014 ஜூன் மாதத்தில் திருத்தப்பட்ட விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளின்படி, ஊதியத்துக்காகத் தொகுப்பவர் தம்மை அமர்த்தியவர் யார், யாருக்காக எழுதுகிறார், அவர்களோடு தமக்கு என்ன தொடர்பு என்பதை வெளியிட வேண்டும். மாதச் சம்பளத்தில் இருக்கும் செயலாளர் அலுவலக நேரத்தில் முதலாளியின் கட்டுரையைத் தொட்டாலும் இது பொருந்தும்.

வரைவு திருப்பியனுப்பப்பட்டவர்கள் மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வரைவுகள் எல்லாருக்கும் தெரியும் என்பதால், யாருடைய கட்டுரை மறுக்கப்பட்டது என்பதை மோசடிக்காரர்களும் பார்க்கிறார்கள். 2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் ஆங்கில விக்கிப்பீடியா ஒரே கும்பலைச் சேர்ந்த 381 கணக்குகளைத் தடை செய்து, அவை உருவாக்கிய 210 கட்டுரைகளை நீக்கியது. மறுக்கப்பட்ட வரைவுகளின் உரியவர்களைத் தேடிப் பிடித்து, பணம் தந்தால் கட்டுரையை ஏற்றித் தருவதாகச் சொல்வதும், ஏற்றியபின் அதைக் காப்பாற்ற மேலும் பணம் கேட்பதும் அக்கும்பலின் வழி. "நான் நிர்வாகி, உங்கள் கட்டுரையை மீட்டுத் தருகிறேன்" என்று மின்னஞ்சலோ வாட்சப் செய்தியோ வந்தால் பணம் அனுப்பாதீர்கள். உண்மையான நிர்வாகிகள் எவரும் கட்டுரையை ஏற்றவோ நீக்கவோ கட்டணம் கேட்பதில்லை.

படமும், பிறகு வரும் உரையாடலும்

கட்டுரைக்கு ஒரு நல்ல படம் தருவது, நலமுரண் உள்ளவர் தயக்கமின்றிச் செய்யக் கூடிய உதவி. ஆனால் படத்தில் இருப்பவர் நீங்கள் என்பதால் படம் உங்களுடையது ஆகிவிடாது. விழாவில் செய்தியாளர் எடுத்த படத்தின் பதிப்புரிமை உங்களிடம் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17ஆம் பிரிவின்படி, நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், முதல் உரிமையாளர் நீங்களே. ஆயினும் படப்பிடிப்பாளரின் ஒப்புதலையும் எழுத்தில் பெற்று வைத்திருந்தால், விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் தளமான விக்கிமீடியா பொதுவகத்தில் கேள்வி எழும்போது சிக்கல் இராது. அங்கே பதிவேற்றும் படத்தை யார் வேண்டுமானாலும், வணிக நோக்கிலும், உரிமக் குறிப்போடு பயன்படுத்தலாம் என்பதை ஏற்றுக்கொண்ட பிறகே பதிவேற்றுங்கள்.

கட்டுரையை நீக்கலாமா என்ற உரையாடல் தொடங்கினால், ஒருமுறை வந்து, "நான் இக்கட்டுரையில் குறிக்கப்படும் நபர். பரிசீலிக்க இந்தச் சான்றுகள் உள்ளன" என்று பட்டியலைத் தந்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். வாசகர்களையும் மாணவர்களையும் திரட்டி வந்து "நீக்காதீர்" என்று எழுதச் செய்தால் பயன் விளையாது; அங்கே தலைகளை எண்ணுவதில்லை, சான்றுகளையே எடைபோடுகிறார்கள். பெரிதாக அறியப்படாத ஒருவர் தம்மைப் பற்றிய கட்டுரையே வேண்டாம் என்று கேட்டால், உரையாடலில் ஒருமித்த முடிவு எட்டாத நிலையில் அவ்விருப்பத்தை ஏற்று நீக்கவும் ஆங்கில விக்கிப்பீடியாவின் நெறி இடம் தருகிறது. ஆனால் எழுதத் தொடங்கும்போதே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: பரவலாக அறியப்பட்டவர் ஆகிவிட்டால், பின்னாளில் நாளிதழ்களில் உங்களைப் பற்றி வரும் கசப்பான செய்தியும், அது சான்றோடு இருந்தால், அதே பக்கத்தில் சேர்க்கப்படும், அதை நீக்கச் சொல்லும் உரிமை அப்போது உங்களுக்கு இராது. இதற்கும் மனம் ஒப்பினால் மணல்தொட்டியைத் திறந்து முதல் வரியை எழுதலாம்.